பிணை நின்ற ஆள்

நேற்று வீடு வாடகைக்கு விடுகிற கந்தோர் ஒன்றில் கையெழுத்து வைத்தேன். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஜூட்டுக்கு ஒரு அறை. யாழ்ப்பாணத்துப் பெடியன், போன வருசம்தான் இத்தாலிக்கு வந்தவன். நிரந்தர வேலை உள்ள ஒருத்தன் பிணை நிற்க வேணுமாம். நான் லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞோரா வீட்டைக் கூட்டித் துடைக்கிறவன். பேப்பர் எல்லாம் சரி. என் வாழ்க்கையில் சரியாக இருப்பது அது ஒன்றுதான்.

"அண்ணை, நான் சொல்லாமல் கொள்ளாமல் ஜெர்மனிக்கு ஓடினால் உங்களை என்ன செய்வாங்கள்?" சிரித்தான்.

"ஓடுறதெண்டா ஓடு. என்னைப் பாத்து நிண்டிடாதை."

அவனுக்கு அது பகிடி. முத்திரை குத்திய மை மணத்தது. அந்த மணம் என்னை வன்னியில் பாஸ் கந்தோர் வாசலில் கொண்டுபோய் விட்டது.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது வன்னி எங்கட ஆட்சி. எங்களை நாங்களே ஆள வேணும் என்று கேட்டுக் கேட்டு, கிடைக்காமல், அடிபட்டுப் பிடித்த இடம். எங்கட பொலிஸ், எங்கட நீதிமன்றம், எங்கட வங்கி. பெயர்ப்பலகை எல்லாம் தமிழ். நாலாம் வகுப்போடு நின்ற நானே சைக்கிளில் போகேக்க எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வாசித்து விழுந்தும் இருக்கிறேன்.

உள்ளே வருவது சுகம். வெளியே போகத்தான் பாஸ். பாஸுக்கு ஒரு ஆளைப் பிணை வைக்க வேணும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவரைப் பங்கர் வெட்டக் கொண்டுபோவார்கள்.

எங்கட மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. ஒப்பரேசன் கொழும்பில். மனுசி ரெஜினா கூட்டிக்கொண்டு போக, நான் பிணை. கந்தோர்ப் பெடியன் மரியாதையானவன். "இருங்கோ ஐயா" என்று கதிரை தந்தான். பிறகு சொன்னான்: "காணி உறுதியை வைச்சா ஆக்கள் திரும்பி வருகினமில்லை. புருசனை வைச்சா வருவினம்."

"எல்லாப் புருசனுக்கும் வரமாட்டினம்" என்றான் பக்கத்து மேசைக்காரன். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். சிங்களத்தில் என்னைத் துரத்தியிருக்கிறார்கள். தமிழில், ஐயா போட்டு, என்னை அடைமானம் வைத்தது அதுதான் முதல் தரம்.

வாசலில் வைத்து ரெஜினாவிடம் சொன்னேன்: "பிள்ளை சுகமானால் அங்கையே உன்ர அக்கா வீட்டை நில். நான் மண்தானே வெட்டுவன்."

"உங்களுக்கென்ன விசரே?"

பஸ் வருகிற நேரமெல்லாம் சோதனைச்சாவடியில் போய் நிற்பேன், அவள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு. ஒரு பின்னேரம் வந்து இறங்கினாள். பிள்ளை என்னைக் கண்டு ஓடி வந்தது. அதற்கு முந்தி அது ஓடினதே இல்லை.

"ஏனடி வந்தனி?"

"சட்டி பானை கழுவாமல் கிடக்குமெண்டு வந்தனான்."

கிடந்ததுதான்.

கொஞ்ச நாளில் சண்டை தொடங்கிப் பாதையை மூடினார்கள். பிறகு நான் பங்கர் வெட்டினேன். யாரும் கொண்டுபோகவில்லை. இடம்பெயர்ந்த இடமெல்லாம் எங்களுக்காக நானே வெட்டினேன். கடைசியாக வெட்டினதுக்குள் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் தண்ணிக்குப் போயிருந்தேன். ஷெல் அதுக்குள்ளேயே விழுந்தது. வந்து மூடினேன். புதிதாகக் கிடங்கு வெட்டத் தேவைப்படவில்லை.

ஜூட் இங்கே வர முந்தி கொழும்புக்கு அந்தப் பாதையால்தான் போனவன். சாவடி இருந்த இடம் இப்ப எப்படி இருக்கு என்று நேற்று அவனைக் கேட்டேன்.

"எந்தச் சாவடி அண்ணை? நான் பஸ்ஸிலை நல்ல நித்திரை."

பஸ் அங்கே இப்போது நிற்பதில்லையாம். பாஸ் இல்லை, கந்தோர் இல்லை, அந்த ஆட்சியும் இல்லை. யாரும் போகலாம், வராமலும் விடலாம். ஒருத்தரும் பிணை கேட்பதில்லை. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்றும் கேட்கவில்லை. வைக்க என்னிடம் ஆளும் இல்லை.