சராசரி சாருக்கு எதிரான மனு

எங்கள் கல்லூரியில் சமூகப்பணி மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தியவரை எல்லோரும் 'சராசரி சார்' என்றுதான் சொல்வார்கள். அவர் முறைத்தால் மின்விசிறியே நின்றுவிடும். ஊருக்கெல்லாம் உதவப் புறப்பட்ட பிள்ளைகள், அவர் சாக்பீஸை எடுத்தாலே கடித்துத் துப்புவது போலப் பார்ப்பார்கள். அவரும் சளைத்தவரில்லை. பதினாறு வருடத்தில் ஒருவரைப் பார்த்தும் சிரித்ததில்லை. மதியம்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்.

ஒருநாள் கிளாஸ் லீடர் பெண் ஒரு தாளை நீட்டினாள். "தொண்ணூறு சதவீதம் பேருக்கு நீங்க வேண்டாம் சார். பிரின்சிபால்கிட்ட கொடுக்கப்போறோம்."

"எத்தனை பேரைக் கேட்டே?"

"பத்து பேரை. கடைசி பெஞ்சுல."

"அறுபது பேர் இருக்கிற வகுப்புல, என்னைத் திட்டுறவங்களை மட்டும் கேட்டு சதவீதம் போடுறியா? மூளையை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியாம்மா? யாரைக் கேக்கணும்னே தெரியாத நீ எந்த ஊரைத் திருத்தப்போறே?"

சிவப்புப் பேனாவால் முட்டை போட்டுத் தாளை வீசினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வாரம் அலைந்து, அறுபது பேரிடமும் பெயர் எழுதாத சீட்டில் பதில் வாங்கினாள். லீவு போட்டவன் வீட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் விடவில்லை. ஐம்பத்தெட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள்.

சார் அந்தக் கணக்கை வரிவரியாகத் துழாவினார். ஒரு தப்பும் சிக்கவில்லை. கடுகடுவென்று பத்துக்குப் பத்து போட்டார்.

"இப்போ கொண்டுபோய்க் கொடு. எந்தக் கொம்பனாலயும் மறுக்க முடியாது. ஆமா, வேணும்னு சொன்ன அந்த ரெண்டு பேர் யாரு?"

"தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

திங்கட்கிழமை அந்த வகுப்புக்கு வேறு ஆள் வந்தார்.