எழுந்து நிற்க ஆகும் நேரம்

முதலில் தெரிந்தது மாதா கோயிலில்தான். ஞாயிறு பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டோம். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. தொடையில் பலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. முன்பெஞ்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கையும் கைவிட்டது. மானம் போகக் கூடாதே என்று கண்ணை மூடி ஜெபம் செய்கிறவள்போல அப்படியே இருந்துவிட்டேன்.

பூசை முடிந்ததும் சாமியார், "உங்க பக்தி யாருக்கும்மா வரும்" என்றார். என் மருமகள் ஸ்டெல்லா மட்டும் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே, "இது பக்தியா அத்தை?" என்று காதோடு கேட்டாள். அவளிடம் எதுவும் மறைக்க முடியாது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கணவர் இல்லை. ஒரே மகன் அமல் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணமாகி ஐந்து வருடம். சேர்ந்து வாழ்ந்தது அவன் லீவில் வந்த நாட்கள்தான். மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்று அந்த வருடம்தான் அவனுடைய கம்பெனி சம்மதித்திருந்தது.

உடம்பு எப்படிக் கரைந்தாலும் என் குரல் மட்டும் கரையவில்லை. போனில் பேசிப் பேசிப் பழகிய குரல். "கணீர்னு இருக்கும்மா, உனக்கென்ன" என்பான் மகன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒல்லியாக வேறு ஆகிவிட்டேன். தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். ரவிக்கை தொளதொளத்ததைக்கூட ஆரோக்கியம் என்றே நினைத்தேன்.

சாப்பாட்டைச் சொன்னால் நீங்களும் திட்டுவீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் உண்ணும் நோன்பு). தவக்காலம் முழுவதும் அதுவே. மற்ற நாட்களில் ராத்திரிக்கு ஒரு காபியும் இரண்டு ரஸ்க்கும். வயதானால் இவ்வளவுதான் இறங்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஸ்டெல்லாவோ என்னை ஒரு சொம்பைக்கூடத் தூக்க விடமாட்டாள். உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வரும், கை கழுவத் தண்ணீரும் வரும். இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைப்பாள்?

பிறகு ஒருநாள் கொல்லைப்புறத்தில் கால் இடறி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "படுத்திருங்க, அசையாதீங்க" என்றார்கள். படுத்தேன். அதுதான் கெடுத்தது. வலி போய் எழுந்தபோது பாத்ரூம் போகவே சுவர் தேவைப்பட்டது.

தஞ்சாவூரில் முதியோர் மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் ஸ்டெல்லா அழைத்துப் போனாள். ஸ்கேன் அது இது என்று பயந்து போனால், அவர் தன் கையை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வராந்தாவில் நடக்க விட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, கை ஊன்றாமல் எழச் சொன்னார். எழ முடியவில்லை. அவமானமாக இருந்தது.

"உங்களுக்கு வியாதின்னு தனியா எதுவும் இல்லம்மா. உடம்புல கையிருப்பு இல்ல" என்றார். அதற்குப் பெயர் முதுமை நலிவு (தசையும் தெம்பும் சேர்ந்து குறைந்து, சின்ன அதிர்ச்சியைக்கூட உடம்பு தாங்க முடியாத நிலை). ஒரு காய்ச்சலோ இன்னொரு விழுதலோ போதும், படுக்கையில் தள்ளிவிடும் என்றார்.

"பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகம். மாதவிலக்கு நின்னப்புறம் எலும்பும் தசையும் வேகமா குறையும். நீங்க பட்டினி வேற கிடக்குறீங்க." ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "நீங்க நல்லா பாத்துக்குறீங்கம்மா. கொஞ்சம் கம்மியா பாத்துக்கங்க. அவங்க வேலைய அவங்களே செய்யட்டும்" என்றார். ஸ்டெல்லாவின் முகம் சின்னதாகிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் மஸ்கட் போகல அத்தை. அவர்கிட்ட சொல்லிடுறேன்."

"நீ போகலைன்னா நான் சாப்பிட மாட்டேன்."

"சாப்பிடாமத்தான் இந்தக் கதிக்கு வந்தீங்க. வேற ஏதாவது மிரட்டல் வச்சிருந்தா சொல்லுங்க."

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை என் இரண்டு தொடையில் வந்து நிற்கிறதே என்றிருந்தது.

அன்றிலிருந்து முட்டை, பயறு, அதிராம்பட்டினத்து மீன். ஒருசந்தி வேண்டாம் என்று சாமியாரே சொல்லிவிட்டார். காலையில் வாய்க்கால் கரையோரம் நடை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முதலில் கை ஊன்றி, பிறகு விரல் நுனி தொட்டு. ஸ்டெல்லா எதிரில் நிற்பாள், உதவக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவளுக்கு அதுதான் பெரிய தண்டனை.

சம்பா நடவு நேரத்து மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சேர்த்ததெல்லாம் ஒரே வாரத்தில் போயிற்று. மறுபடி சுவர். ஸ்டெல்லா கஞ்சி ஊட்டினாள். இப்படியே கிடந்தால் இவள் என்னை விட்டுப் போகமாட்டாள் என்று அப்போது ஒரு நிமிடம் தோன்றியது. பொல்லாத நினைப்புதான். நோயில் கிடக்கிறவர்களுக்கு இதுவும் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். மறுநாள் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி நானே சாப்பிட்டேன்.

மாசிக்குள் கை ஊன்றாமல் எழுந்துவிட்டேன். டாக்டரம்மா தட்டிக்கொடுத்தார், கூடவே, "இது அடியோட போயிடாதும்மா. தள்ளித் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான்" என்றும் சொன்னார். தனியாக இருக்கலாம், ஆனால் தினமும் யாராவது வந்து பார்க்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு ராணி காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டாள். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு ஸ்டெல்லா போகச் சம்மதித்தாள்.

முன்பெல்லாம் எழுவதும் நிற்பதும் தானாக நடந்தன, கவனித்ததே இல்லை. இப்போது உடம்பிடம் கேட்டுத்தான் ஒவ்வொன்றும். இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ ஆகும் நேரம் முழுக்க என்னுடையது, அவ்வளவு போதும். உங்கள் வீட்டில் மெதுவாக எழுகிற ஒருத்தி இருந்தால், அந்த நேரத்தை அவளுக்குக் கொடுங்கள்.

ஸ்டெல்லா கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. வழியனுப்ப நாற்காலியிலிருந்து எழப்போனேன். பழக்கதோஷம், அவள் கை என் முழங்கைக்கு நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கார் பக்கம் திரும்பிப் பார்க்காமல் எனக்காகக் காத்திருந்தாள். எழுந்தேன். கட்டிக்கொண்டு, "வரேன் அத்தை" என்றாள்.

"போய் நல்லா இரு" என்றேன்.

கார் திரும்பி மறைகிறவரை அழவில்லை. பிறகு அழுதேன், நின்றுகொண்டுதான்.