தாயத்து இல்லாத பாட்டுக்காரன்

1. அட்டன் தியேட்டரில் மேட்னி பார்த்தேன். தெருவில் பாடிப் பிழைக்கும் ஒருவனுக்கும் மாளிகைப் பெண்ணுக்கும் காதல். பாட்டுகள் நிறைய.
2. கங்காணி மாமாவின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன்.
3. முடிவை மாற்றிச் சொன்னேன்.
4. புண் ஆறியதும் அவரே அட்டனுக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஏன் என்பதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் அட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில் இருக்கிறது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, நர்ஸ் பயிற்சி முடித்து, அதே தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வேலைக்கு வந்தேன். யார் படம் பார்க்கப் போனாலும், தண்ணீர்ப் பீலியில் துணி துவைக்கும் பெண்களுக்குக் கதை சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் லயத்து வழக்கம். எனக்குக் குரல் கிடையாது. பாட்டு வரும் இடத்தில் கங்காணி மாமாவின் மகள் படத்தின் பாட்டுப் புத்தகத்தை என்னிடம் வாங்கிப் பாடுவாள்.

அவளுக்கு ஒரு பாட்டுக்காரனைப் பிடித்திருந்தது. சம்பள நாளில் வளையல்காரர்களோடு ஆபீஸ் வாசலுக்கு வருவான், தோளில் ஆர்மோனியத்தோடு. மற்ற நாட்களில் அட்டன் பஸ் ஸ்டாண்டில் பாடுவான். கங்காணி மாமா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"எந்தத் தோட்டத்துலயும் பேர் இல்லாத பயலுக்கு என் வீட்டுல பொண்ணு இல்ல."

பேர் பதிந்தவனுக்குத்தான் நிரந்தர வேலை, லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தை மாதம் வேறு மாப்பிள்ளை பேசப் போவதாகவும் சொல்லிவிட்டார். அவள் பீலியில் பாடுவதை நிறுத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு அட்டைக்கடியைச் சொறிந்து புண்ணாகிப்போனது. கட்டுப் போட ஒழுங்காக வரமாட்டார். வரவழைக்க எனக்குக் கதை வேண்டியிருந்தது.

இந்த மாதிரிப் படங்களின் அமைப்பு எனக்கு மனப்பாடம். நாயகனுடைய முதல் பாட்டு மாளிகை ஜன்னலுக்குக் கேட்கும். இரண்டாவது பாட்டு மழையில். மேளம் தூக்கிவரும் நண்பன் சிரிக்க வைப்பான். பெண்ணுடைய அப்பா சாட்டை எடுப்பார். கடைசியில் நாயகன் கழுத்துத் தாயத்தைப் பார்த்து, திருவிழாவில் தொலைந்த ஜமீன் வாரிசு இவன்தான் என்று யாராவது அழுவார்கள். உடனே எல்லோரும் சம்மதிப்பார்கள். மற்றதெல்லாம் சரி. அந்தத் தாயத்துதான் எனக்கு ஒத்துவரவில்லை. அது இருந்தால் மாமா, "பாத்தியா, அவன் பெரிய இடத்துப் புள்ள" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். அதனால் எடுத்துவிட்டேன்.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் வருவார். ஒரு கட்டுக்கு ஒரு பாட்டு வரைக்கும் சொல்வேன். நாயகன் சாட்டையடி வாங்கிய அன்று மறுநாள் வரை பொறுக்க முடியாமல், சாயங்காலமே காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அவன் கழுத்துல என்ன கெடக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க மாமா."

"நல்லா பாத்தியா? தாயத்து, கீயத்து?"

"இல்லீங்க."

"முதுகுல மச்சம்?"

"சட்டை போட்டிருந்தான் மாமா."

"என்ன படம் இது? அப்புறம் எப்படிக் கல்யாணம் முடியும்?"

"பொண்ணு மாளிகையை விட்டு எறங்கி அவன்கூட நின்னு பாடுது. அப்பா கேட்டுக்கிட்டே தெருவுக்கு வந்து கூட்டத்தோட கூட்டமா நிக்கிறாரு. அவ்வளவுதான்."

அவர் கட்டு இறுக்கம் என்றார். தளர்த்தினேன்.

மாமா படம் பார்த்துவிட்டு அட்டனிலிருந்து திரும்பிய மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தாயி, தாயத்து இருக்குது."

"இருக்குது மாமா."

"பெரிய தாயத்து. நாலாவது வரிசையில இருந்த எனக்கே தெரியுது. உனக்குத் தெரியலையாக்கும்?"

"தெரிஞ்சுதான் விட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினாலும் சொன்னதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. அவர் குடையைச் சுவரில் சாய்த்தார்.

"ஜமீன் புள்ளைன்னு தெரிஞ்ச பிறகு அந்தப் பய வாயத் தொறக்கவே இல்ல தாயி. பட்டு உடுத்திக்கிட்டு ஊஞ்சல்ல உக்காந்துட்டான். ஆர்மோனியம் எங்க போச்சுன்னு யாரும் கேக்கல."

நான் அதைக் கவனிக்கவில்லை. தாயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சம்பள நாளில் பாட்டுக்காரன் வந்தான். அவன் வந்தால் வழக்கமாக ஆபீசுக்குள் போய்விடும் மாமா, அன்று படியிறங்கி வந்து, பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டார்.

"முன்னாடி எந்தத் தோட்டத்துல பேரு?"

"லிந்துலைப் பக்கங்க. அப்பா செத்ததும் பேர வெட்டிட்டாங்க."

"தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டத் தெரியுமா?"

"தெரியுங்க."

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பாட்டு. சம்மதமா?"

"சாயங்காலமும் பாடுவேங்க."

மாமா என் பக்கம் திரும்பி, "வாய் இருக்கு" என்றார்.

இன்றைய நிலை இது. அவன் பேரைப் பதியச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் மாமா பேசியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. தையில் பேசவிருந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. மகள் மறுபடியும் பீலியில் பாடுகிறாள். மாமாவின் புண் முழுக்க ஆறிவிட்டது, கட்டு தேவையில்லை.