ஆவாரம்பட்டையில் பதமிட்ட தந்தி

சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுக்குடல் புங்க எண்ணெயோடு சேர்ந்தால் என்ன நாற்றம் அடிக்கும் என்பதை, ஆம்பூரில் பிறக்காத புண்ணியவான்களுக்கு என்னால் விளக்க முடியாது; சங்கீத ரசிகன் என்று ஊரில் பெயரெடுத்த எனக்கு, பியானோ கேட்டால் இன்றும் முதலில் வருவது குமட்டல்தான்.

மிஷன் பங்களாத் துரைசாணி, பியானோவுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக ஒரு ஜெர்மன்காரர் எழுதிய உருப்படியை எங்கள் கிரேசு அக்காவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். தம் மனைவி வாசிப்பதற்கென்றே அவர் அதை எழுதினாராம். அந்தக் கதையைக் கேட்ட நாள் முதல் அக்காவுக்கு அதன்மேல் உயிர். வேலூர்ப் பள்ளித் தலைவி வந்து கேட்டு மெச்சினால் அக்காவுக்கு அங்கே சங்கீத ஆசிரியை வேலை. இல்லாவிட்டால் ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர் ஒருவருக்கு மூன்றாம் தாரம்.

அந்த நான்கில் பெரிய பிடில் போன்ற செல்லோவை வாசித்தவர், துரைசாணியிடமே அதைக் கற்றுக்கொண்ட, தோல் பதனிடும் "தோல்ஷாப்பு" மேஸ்திரியான எங்கள் அப்பா. கச்சேரி நெருங்கும்போது அதன் தந்தி அறுந்தது. சீமைத் தந்தியும் ஆட்டுக்குடலில் செய்ததுதான் என்று தெரிந்ததும், அவர் தோலுக்குச் செய்யும் உபசாரமெல்லாம் ஒரு குடலுக்குச் செய்து, சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் ஊறவைத்து, எண்ணெய் தடவி, முறுக்கி, நாங்கள் சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டார்.

"இன்னாங்க இது கருமம், சோறு எறங்குமா?" என்றாள் அம்மா.

"சும்மா கெட. வெள்ளக்காரன் பதம் போடல, அறுந்துச்சி. இது ஜென்மத்துக்கும் அறாது பாரு."

அறவில்லைதான். கச்சேரியன்று தோல்ஷாப்பு வாடை வராதிருக்க ஜன்னல்களையெல்லாம் சாத்தினார்கள். வாடையோ உள்ளே உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. விளக்குச் சூட்டில் எண்ணெய் கசிந்தது. தலைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். செல்லோ பாடவேண்டிய இடம் வந்தபோது, சேற்றிலிருந்து எருமை எழுந்திருப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பதமிட்ட தோல் இழுத்தால் நீளும். செருப்புக்கு அது நல்ல குணம்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. செல்லோவின் பாட்டையும் தன் இடது கையில் வாங்கிக்கொண்டு கடைசிவரை வாசித்தாள். அப்பா சத்தமில்லாமல் வில்லை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

தலைவி வாசற்படியில் நின்று, கைக்குட்டையை எடுக்காமலே சொன்னாள்: "அந்தப் பெண்ணை அனுப்புங்கள். அந்தத் தந்தியை அனுப்பவேண்டாம்."

இன்று அந்தப் பங்களா உப்புத்தோல் கிடங்கு. பியானோ போயிற்று, அப்பாவும் போய்விட்டார். அந்த வாடை மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. போன மாதம் வேலூரில் அதே உருப்படியைக் கிராமபோனில் வைத்தேன். அந்த இடத்தில் செல்லோ சுத்தமாக, வாடையே இல்லாமல் பாடியது. பக்கத்திலிருந்த கிரேசு அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"இது என்னுதாச்சே, அவன் இன்னாத்துக்கு வாசிக்கிறான்?"