சல்லிக் கரையில் ஒரு பாய் மீன்

காலை ஐந்தே காலுக்கு யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் கன்னியாவைத் தாண்டும்போது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. மடியில் அம்மா கட்டித்தந்த பொட்டலம்: பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள், பனங்கிழங்கு ஒடியல்மா, எள்ளுருண்டை. திருகோணமலையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சி பூமணியின் முதற்பிள்ளை பிறந்த கிழமையே தவறிப்போனது. அதற்குப் பிறகு அவள் சோற்றைத் தொடுவதில்லை என்று செய்தி வந்திருந்தது. அவளைக் கையோடு கூட்டிவர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

பக்கத்தில் இருந்தவர் கிண்ணியாவில் புடவைக்கடை வைத்திருப்பவர். எனக்கு வாய் சும்மா இராது, முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"மனசு நோன்பு புடிச்சா வயிறு என்ன செய்யும், தம்பி? அது திறக்கிற நேரம் வரைக்கும் பொறுக்கோணும்."

பழமொழி கிடைத்த சந்தோசத்தில், அந்த நேரம் எப்போது வரும் என்று கேட்க மறந்து, பூமணியின் வீடிருக்கும் உப்புவெளியில் இறங்கிவிட்டேன்.

பூமணி பாதியாகியிருந்தாள். இரவு இடியப்பம் அவித்து எங்களுக்குப் போட்டாள். தான் வெறும் தேத்தண்ணி குடித்தாள். அவள் புருசன் தருமு துறைமுக வேலைத்தலத்தில் பிட்டர். பின் வளவில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "கூட்டிக்கொண்டு போறதெண்டா நான் மறிக்கமாட்டன், மச்சான். ஆனா நாளைக்கு ஒருக்கா அவளோட சல்லிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கோ. அங்க போற நாளில மட்டும் ரெண்டு வாய் சாப்பிடுறாள். ஏனெண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

மறுநாள் காலை ஏழு மணி. தருமுவின் சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். இரண்டு மைல் இருக்கும். பக்கத்தால் கச்சான் என்கிற மேல்காற்று, வாயெல்லாம் மணல். முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டினால் வள்ளங்கள், வலைகள், பாய்ப்பாயாகக் காயும் மீன். மணமும் தாராளம்.

அவளுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துப் பழக்கமான நாகம்மா அக்கா ஒரு பாயைக் காட்டினார். பூமணி குந்தி, சூடை மீனை எடுத்து வைக்கத் தொடங்கினாள். தலை உள்ளே, வால் வெளியே. ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம். நடுவில் சிவப்பு நகரை மீன் நாலைந்து. வெயில் ஏற ஏறப் பாய் முழுவதும் வெள்ளிப் பூவாகிவிட்டது.

நான் பாயை ஒரு தரம் சுற்றி வந்தேன். பிறகு என் புத்தி வேலை செய்தது. கருவாடு நிறுவைக்குத்தானே போகிறது, பூவாக வைத்தால் எடை கூடுமா, அழகு சோறு போடுமா என்று நாகம்மா அக்காவிடம் கேட்டேன்.

"நானும் ஏசினனான், தம்பி. வெயிலுக்கு எல்லாம் ஒண்டுதானே எண்டு. இப்ப என்ர புருசன் வள்ளத்தால வந்தா முதல்ல இந்தப் பாயைத்தான் பாக்கிறார். என்னைப் பாக்கிறதில்லை."

பதினொரு மணிக்கு மீன் திருப்ப வேண்டும். மற்றப் பாய்களில் உள்ளங்கையால் ஒரு வழி வழித்துப் புரட்டிவிடுவார்கள். பூமணியின் பாயை மட்டும் நாகம்மா அக்கா ஒவ்வொரு மீனாக, வைத்த இடத்திலேயே திருப்புவாராம். "கோயிலுக்குப் போக நேரமில்லை, பூமணியின்ர மீனைத் திருப்ப நேரமிருக்கு" என்று பக்கத்துப் பெண் நக்கலடித்தாள்.

அது எனக்குக் கேட்டது, மண்டையில் ஏறவில்லை. பூமணி கை கழுவப் போன நேரம், உதவி செய்கிறேன் என்று குனிந்து, ஊரில் செய்கிறமாதிரி இரண்டு கையாலும் வழித்துவிட்டேன். பூ போய்விட்டது. மீன் குவியல்தான் மிச்சம்.

அக்கா தலையில் கை வைத்தார். இனி இவள் இன்றைக்கும் சாப்பிடமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

பூமணி வந்து பார்த்தாள். பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செதில் ஒட்டிய என் கைகளைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் கடைசிவரைக்கும் திருந்தமாட்டியள்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படியே குந்தி, நடு மீனிலிருந்து திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.

மத்தியானம் நாகம்மா அக்காவின் குசினியில் அவள் சிவப்பரிசிச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் சோறு ஆறிவிட்டது.

இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்த அழகுதான் அவளுக்குப் பசி எழுப்பியதென்றால், அதை நான் குலைத்த நேரம் ஏன் சிரித்தாள்? குலைந்தால் திரும்பவும் வைக்கலாம் என்பதிலா விசயம் இருந்தது? கிண்ணியாக்காரரைக் கண்டால் கேட்கலாம். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அடுத்த நாள் காலை தனியாகத்தான் பஸ் ஏறினேன். பூமணி கையசைத்தாள், அவள் நகத்திலும் செதில்.

அம்மா வாசல் படலையில் நின்று என் பின்னால் பார்த்தார், யாரும் வரவில்லை. "சாப்பிடுறாள், அம்மா" என்றேன். எதனால் என்று கேட்டார். தன் சரக்குத்தூள்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

மறுநாள் முற்றத்தில் செத்தல் மிளகாய் காய்ந்தது. அதைத் திருப்பிவிடச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் கழித்து வந்து பார்த்தார்.

"என்னடா, ஒவ்வொண்டா எடுத்து என்ன செய்யிறாய்?"

"தெரியாது, அம்மா" என்றேன். வட்டம் பாதிதான் முடிந்திருந்தது. எனக்குப் பசிக்கத் தொடங்கியது.