நடுவில் வந்த பந்து

1984 மார்ச் 12: 52 + 57 = 109
1985 மார்ச் 11: 58 + 63 = 121
1986 மார்ச் 10: 64 + 71 = 135
1987 மார்ச் 9: 70 + 96 = 166

இவை பணக் கணக்கு அல்ல. டென்னிஸ் போட்டியில் ஆண்கள் இரட்டையர் பிரிவுக்குப் பெயர் கொடுக்கும்போது, ஜோடியாக ஆடும் இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள். தொகை குறைவாக உள்ள பதினாறு ஜோடிகளுக்கு இடம். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். மேலே உள்ள நான்கு வரிகளிலும் முதல் எண் மூத்தவருடையது. இரண்டாவது, அவர் மனைவியின் தம்பியுடையது.

மூத்தவருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் கடிகாரம். முப்பத்தைந்து வயதாகியும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார மாட்டார். கட்டிய ஷூ நாடாவையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். மைத்துனன் நேர்மாறு. இடி விழுந்தாலும் பெஞ்சை விட்டு எழுந்திருக்காதவன். இடக்கைக்காரன். முந்தைய ஆண்டு தோளில் அறுவை சிகிச்சை ஆனதால் அவன் எண் தொண்ணூற்றாறுக்குப் போய்விட்டது.

மார்ச் 9, பகல் பன்னிரண்டு மணிக்குள் பதிவுத் தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்த நீள அறையில் பதிவு நடந்தது. ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், மேசைக்குப் பின்னால் பதிவு அலுவலர் அம்மாள். போன வருடம் 158 வரைதான் இடம் கிடைத்தது. 166-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூத்தவர் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். பதினொன்று இருபதுக்கு, மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு ஆட்டக்காரன் வந்தான். தரவரிசையில் நாற்பத்தொன்று.

"என் ஜோடிக்கு நூத்திரெண்டு காய்ச்சல். உன் எழுபதும் என் நாப்பத்தொண்ணும் சேர்ந்தா நூத்திப்பதினொண்ணு. கண்ண மூடிக்கிட்டு உள்ள போயிடலாம். என்ன சொல்றே?"

"மச்சான் இருக்கானே."

"மச்சானோட போனா வெளியில நின்னு கை தட்டலாம். குடும்பத்தோட தட்டுங்க."

மைத்துனன் பிசியோதெரபிஸ்ட்டின் அறையில் குப்புறப் படுத்துத் தோளைக் காட்டிக்கொண்டிருந்தான். மூத்தவர் அந்த அறைக்கு நாலு முறை போனார். மூன்று முறை வாய் வரை வந்தது, சொல்லாமல் திரும்பினார்.

"டேய், மொட்டை என்னைக் கூப்பிடுறான்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "போங்க அத்தான்."

"உண்மையாத்தான் சொல்றியா?"

"இல்ல, பொய்யாச் சொல்றேன். நீங்க இப்படிக் குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா எனக்குத் தலை சுத்துது. போய்க் கையெழுத்தப் போடுங்க."

பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். மூத்தவரும் சிரித்தார். சிரித்த கையோடு போய், பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மொட்டையின் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

பன்னிரண்டே காலுக்குப் பட்டியலை ஒட்டினார்கள். அதே வாரம் வேறொரு ஊரில் பெரிய போட்டி இருந்ததால் நல்ல ஜோடிகள் பல அங்கே போயிருந்தன. பதினாறாவது ஜோடியின் தொகை 171. மூத்தவர் இரண்டு முறை விரல் வைத்துப் படித்தார். 166 தாராளமாக உள்ளே வந்திருக்கும்.

"பேரை மாத்த முடியுமாம்மா?"

"பன்னெண்டு அடிச்சா அடிச்சதுதான் சார். கடிகாரம்னு பேர் வெச்சிருக்கிற உங்களுக்கே நான் சொல்லணுமா?"

மைத்துனன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பட்டியலைப் பார்த்தான். "நூத்தி எழுபத்தொண்ணா" என்றான்.

செவ்வாய்க்கிழமை முதல் சுற்றில் வெற்றி. வியாழக்கிழமை காலிறுதி. மைத்துனன் படியில் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆளுக்கு ஒரு செட் ஆகி, மூன்றாவது செட்டை முடிவு செய்யும் டைபிரேக்கில் எதிரணி 6-5 என்று முன்னால் நின்றது; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு. அப்போது இருவருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது.

இடப்பக்கம் நிற்பவர் வலக்கைக்காரர் என்றால் அந்தப் பந்து அவருடையது. அவருக்குத்தான் கை நேராக வரும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். மூத்தவர் நின்றது இடப்பக்கம், ஆடுவது வலக்கையால். ஆனால் மூத்தவருக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக நின்றவன் இடக்கைக்காரன். நடுப்பந்து அவனுக்கு என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள். மூத்தவரின் கால் தானாக ஓரடி விலகி வழிவிட்டது. மொட்டை அசையவே இல்லை. பந்து இருவருக்கும் நடுவே விழுந்து, பின்சுவரில் மோதி, நின்றது. ஆட்டம் போய்விட்டது.

"யாருக்குடா விட்டே?" என்றான் மொட்டை.

மூத்தவர் படிகளைப் பார்த்தார். ஆறாவது வரிசையில் இருந்தவன் எழுந்து போய்க்கொண்டிருந்தான்.

ஜூன் மாதம் மைத்துனன் எட்டு மணி நேர பஸ் பயணத் தொலைவில் ஒரு கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்தான். ஞாயிறு தவறாமல் அக்காவுக்கு போன் செய்வான். அத்தானைக் கேட்க மாட்டான். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வலை மாதிரி நிக்கிறேன். எந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சாலும் என்மேலதான் விழுது" என்றாள் மனைவி.

அடுத்த ஆண்டிலிருந்து பதிவு முறை மாறியது. இருவரும் கையெழுத்திட்ட படிவம் ஜனவரி 20-க்குள் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். அக்டோபர் 5 அன்று மூத்தவர் மைத்துனனுக்கு முதல் கடிதம் எழுதினார். 23-ஆம் தேதி ஒரு கார்டு வந்தது: தோள் இன்னும் சரியில்லை, பார்க்கலாம். நவம்பர் 30 அன்று இரண்டாவது கடிதம். பதில் இல்லை. நடுவில் மொட்டை இரண்டு தடவை போன் செய்தான். மூத்தவர் வீட்டில் இல்லை என்று மனைவி சொன்னாள். மூத்தவர் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார்.

"இப்போ ரெண்டு பேர் எண்ணையும் கூட்டினா எவ்வளவு?" என்று கேட்டாள்.

"இருநூத்திப் பதினாலு."

"இடம் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்புறம் எதுக்குக் கெஞ்சுறீங்க?"

"எங்க பேர் ரெண்டும் ஒரே வரியில இருக்கணும்."

டிசம்பர் 28 அன்று மூன்றாவது கடிதத்தோடு படிவத்தையும் தன் கையெழுத்துடன் அனுப்பினார். கடிதம் இரண்டே வரி. 'அன்று உன்னிடம் கேட்டேன், நீ போ என்றாய். கேட்டவன் போயிருக்கக் கூடாது.'

ஜனவரி பிறந்ததிலிருந்து அவர் வாசல் கதவுக்கும் தெருமுனைக்கும் நடந்தார். "சார், இன்னும் ரெண்டு நாள் போனா நீங்க தபாலாபீசுக்கே வந்து பையைப் பிரிச்சிடுவீங்க" என்றார் தபால்காரர். 15 வந்தது, 16 வந்தது. 18-ஆம் தேதி வந்தது மின்சார பில் மட்டும்.

பிறகு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே கடிதம் என்று ஒரு வரிகூட இல்லை. நான்காக மடித்த படிவம் இருந்தது. மூத்தவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், இடக்கையால் எழுதி மை இழுபட்ட இன்னொரு கையெழுத்து. போட்டி அலுவலகம் நாலு தெரு தள்ளி இருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத வேண்டி வரவில்லை; போனிலேயே பேசிக்கொண்டார்கள்.

கடைசித் தபால் வந்த நாள்: 1988 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை.