வட்டப்பாறையில் வேர்த்தவர்

ஜெகதீசனுக்குக் கோபம் வராது. பயமும் வராது. கடைசி பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனாலும், காலையில் ஒன்று வராமலா போகும் என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதரை எங்கள் பக்கத்தில் மந்தம் என்பார்கள். அவர் பெண்டாட்டி சின்னபொண்ணும் அப்படித்தான் சொல்வாள்.

அவருக்குப் போய் நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பார், திடீரென்று தலை பிளக்கும், முகம் வெளுக்கும், சட்டை தொப்பலாக நனையும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுக்கக் குனிந்தால் கட்டாயம் வரும். வாயு என்றவர்கள் பாதி, காத்து கருப்பு என்றவர்கள் மீதி. ஒரு டாக்டர் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். இல்லாததை எப்படிக் குறைப்பது என்று ஜெகதீசன் கேட்கவில்லை. ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த ஆடியில் அவருடைய அண்ணன் சீனுவாசன் ஒரு பிராதைக் கிளப்பினார். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே இருக்கும் எல்லைக்கல் தன் பக்கமாக நகர்ந்திருக்கிறது, நகர்த்தியது தம்பிதான் என்றார். தொடவே இல்லை என்றார் ஜெகதீசன். சர்வேயருக்கு மனு போட்டால் அவர் வருவதற்குள் இன்னொரு போகம் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் இதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு, திருவாமாத்தூர் போவது. அங்கே கோயிலில் இருக்கும் வட்டப்பாறையில், அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது நம்பிக்கை. கோர்ட்டுக்கு அஞ்சாதவனும் அந்தப் பாறைக்கு அஞ்சுவான்.

ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். ஜெகதீசன் குளித்து, ஈர வேட்டியோடு குனிந்து பாறையைத் தொட்டார். "நான் கல்ல நவுத்தல" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வேர்வை கொட்டியது. இனி யாரும் பேச என்ன இருக்கிறது, அம்மனே பேசிவிட்டாளே.

திரும்பும்போது வேனில் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. சின்னபொண்ணுகூட முன் சீட்டுக்குப் போய்விட்டாள். ஊர் பேசியதை அவர் பொருட்படுத்தவில்லை. இவள் பேசாததுதான் அவரைத் தின்றது. சோறு போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். செவ்வாய், வெள்ளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பாள். இவளாவது என்னை நம்பியிருக்க வேண்டாமா என்று நினைத்தால் அவருக்கு அழுகை வந்தது. தனக்கு அழுகை வரும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

ஐப்பசியில் வயலில் மயங்கி விழுந்தவரை விழுப்புரத்துக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் பிரபாவதி பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. போகச் சொன்னார். செருப்பு மாட்டக் குனிந்தவர் வெளுத்துப்போனதைப் பார்த்து, கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி பார்த்தார். மிஷினில் எகிறி வந்த எண்ணை நம்பாமல் இன்னொரு மிஷின் கொண்டுவரச் சொன்னார். அதுவும் அதையே சொன்னது. ஒரு நாள் முழுக்கப் போகிற மூத்திரத்தைக் கேனில் பிடித்து வரும்படி அனுப்பினார். கேனைக் கொண்டுபோன பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்து, எண்ணெய் செக்கில் ஆட்டியதா என்று விசாரித்தார். ஜெகதீசன், இது விற்பனைக்கு இல்லை என்று உண்மையைச் சொன்னார்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் புரியும்படி சொன்னார். சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. மாடு முட்ட வந்தால் அது அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற சரக்கை ரத்தத்தில் இறக்கும். நெஞ்சு வேகமாக அடித்து, ரத்தம் காலுக்குப் பாய்ந்து, ஆள் ஓடித் தப்பிப்பான். படுத்திருப்பவன் எழுந்து நின்றால் தலைசுற்றி விழாமல் இருப்பதும் இந்த வகைச் சரக்கால்தான். டோபமினும் இதே குடும்பம். அது குறைந்துபோனவர்களுக்குத்தான் கை நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் வருகிறது. மொத்தக் குடும்பத்துக்கும் கேட்டகாலமைன் என்று பெயர். ஜெகதீசனுடைய சுரப்பியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. குனிந்தால் அது அமுங்கும், அமுங்கினால் சரக்கைக் கொட்டும். மாடே இல்லாத இடத்தில் உடம்பு மாட்டுக்குப் பயந்துகொண்டிருந்தது.

எடுத்த எடுப்பில் கத்தி வைக்கக்கூடாது, வைத்தால் பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்து என்று, ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரையைக் கொடுத்துக் காத்திருந்து, அப்புறம்தான் கட்டியை அறுத்து எடுத்தார்கள். தை பிறந்ததும் ஜெகதீசன் பழைய மந்தமான மனிதராகிவிட்டார்.

மறுபடியும் சத்தியம் செய்யப்போகிறேன் என்றார். ஊருக்காக இல்லை, சின்னபொண்ணுக்காக. அதே ஆட்கள் வந்தார்கள். அதே பாறை, அதே வார்த்தை. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கூட்டத்தில் ஒருவர், இவருக்கு மனசாட்சியையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றார். ஆனால் சீனுவாசன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். மழைத் தண்ணீரில் கல் நகர்ந்திருக்கும், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன், இனி அது இப்போது நிற்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். ஊரும் சரியென்றது.

வீட்டுக்கு வந்ததும் சின்னபொண்ணு கதவைச் சாத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"நான்தாங்க நவுத்தினேன். ரெண்டு சால் மல்லாட்ட கூடப் போடலாமேன்னு. அன்னிக்கு நீங்க வேர்த்து நின்னப்ப, நான் செஞ்ச பாவம் உங்க உசுர வாங்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஜெகதீசனுக்கு நெஞ்சு அடித்தது. இந்தத் தடவை காரணம் இருந்தது. பழைய குழி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பட்டப்பகலில் கடப்பாரையோடு போய்க் கல்லைப் பிடுங்கினார். நேராகப் பழைய குழி இருந்த இடத்துக்குப் போய், மல்லாட்டைக் கொடியை விலக்கித் தோண்டி, அதிலேயே நட்டார். வரப்பில் கூட்டம் கூடிவிட்டது. மழையில் நகர்ந்த கல் என்றால் இவருக்கு எப்படிக் குழி தெரியும், நகர்த்தியவனுக்குத்தானே தெரியும் என்று ஒருவர் சொல்ல, எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இரண்டு தடவை பொய்ச் சத்தியம் செய்த மனிதரை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

சீனுவாசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அப்ப நீதானாடா?" என்றார்.

"ஆமாண்ணே."

சின்னபொண்ணு வாயைத் திறந்தாள்.

"நீ போயி குடிக்கத் தண்ணி எடுத்துக்கினு வா" என்றார் ஜெகதீசன்.